வீட்டுப் பட்டறையில் ஒரு முன் சப்ஃப்ரேம்: வண்டலூர் ஹெரால்டை முன்வைத்து

பழைய கார் பைத்தியம் பிடித்தவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். கம்பெனியிலிருந்து வந்தது எப்படியோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு போல்ட் மாறினாலும் பாவம் என்பவர்கள் முதல் ரகம். மேலே தெரிகிற பாடி பழசாக இருந்தால் போதும், அடியில் எதைப் போட்டு ஓட்டினால் என்ன என்று வெல்டிங் மெஷினைத் தூக்குபவர்கள் இரண்டாம் ரகம். இரண்டு கோஷ்டியும் சந்தித்துக்கொண்டால் அடிதடிதான்.

வேடிக்கை என்னவென்றால், நம்மூர் சட்டமும் இந்த முதல் ரகத்தின் கட்சியில் சேர்ந்துவிட்டது. இரண்டாம் ரகமோ சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தன் பாட்டுக்கு வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒழுங்காகக் கணக்குப் போட்டு, ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகச் சோதித்து ஓட்ட விரும்புகிறவருக்கு ஒரு வழி இருக்கிறதா என்றால், இல்லை. இந்தக் கட்டுரையின் புகார் அதுதான்.

முதலில் சப்ஃப்ரேம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். காரின் முன்பக்கத்தில் எஞ்சின், ஸ்டியரிங், முன் சக்கரங்களின் ஆர்ம்கள், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, காரின் மற்ற உடம்போடு போல்ட் போட்டு இணைகிற இரும்புச் சட்டம்தான் சப்ஃப்ரேம். சக்கரம் பள்ளத்தில் விழும்போதும், பிரேக் அடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும் தரை கொடுக்கிற அத்தனை அடியும் முதலில் இதற்குத்தான் வந்து சேரும். இது ஒரு மில்லிமீட்டர் வளைந்தால் ஸ்டியரிங்கில் தெரியும். விரிசல் விட்டால்... வேண்டாம், அதைப் பிறகு பார்க்கலாம்.

இதைப் பேசுவதற்கு செங்கல்பட்டு மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் போகிற பலருக்குத் தெரியாது, வண்டலூர் – பெருங்களத்தூர் பக்கம் ஒரு காலத்தில் முழுக் கார் செய்கிற தொழிற்சாலை இருந்தது என்பது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. மாவட்டத்தில் ஃபோர்டு வருவதற்கும், மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் வருவதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தயாரானது. 1961ல் வெளிவரத் தொடங்கிய அந்தக் கார், பிரிட்டனில் 1959ல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறவி. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சிசி எஞ்சின். ஆரம்பத்தில் இரண்டு கதவு, பிறகு இந்தியாவுக்கென்றே நான்கு கதவு. 1970களில் கேசல் என்று பெயர் மாற்றி வந்து, அதுவும் போய், 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரை விட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு, கதை முடிந்தது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

அந்தக் காலத்து மூன்று கார்களில் அம்பாசடருக்கு முன்பக்கம் டார்ஷன் பார். ஃபியட் 1100க்கு (பின்னாளில் பத்மினி) காயில் ஸ்பிரிங்கும் இரட்டை ஆர்மும். ஹெரால்டுக்கும் இரட்டை ஆர்ம், காயில் ஸ்பிரிங்தான்; ஆனால் பின்பக்கமும் தனித்தனியாக ஆடுகிற சக்கரங்கள். பின்பக்கத்து ஸ்விங் ஆக்சில் நல்ல பெயர் வாங்கவில்லை. வேகமாக வளைவில் திரும்பும்போது காலை விட்டால் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கும் வில்லங்கம் அதற்கு உண்டு. கேசலில் அதை எடுத்துவிட்டு உருட்டுக்கட்டை மாதிரி ஒரே ஆக்சிலாகப் போட்டுவிட்டார்கள். முன்பக்கமோ வேறு கதை. அது உலகத் தரம்.

இது ஊர்ப்பாசத்தில் சொல்வதில்லை. ஹெரால்டின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த நிமிர்ந்த இரும்புத் துண்டு இருக்கிறதே, அதன் வகையைத்தான் காலின் சாப்மனின் லோட்டஸ் கம்பெனி ஏலான், செவன் போன்ற கார்களுக்கு எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் சாலையில் நன்றாகத் திரும்பும் கார் எது என்று பட்டியல் போட்டால் ஏலான் பெயர் வராமல் இருக்காது. பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டியவர்கள் ஒரு தலைமுறைக்கு ஹெரால்டின் சேசிஸை அடியில் வைத்துத்தான் கட்டினார்கள். காரணம் எளிது. ஹெரால்டுக்கு முழுச் சேசிஸ் தனியாக உண்டு. பாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சேசிஸை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். முன் சஸ்பென்ஷன் முழுவதும் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கூடுகளாகப் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பானெட்டோ முன் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள் யூ டர்ன் போடும். மாம்பலத்துச் சந்துகளுக்கென்றே செய்தது போல!

சரி, இவ்வளவு நல்ல முன்பக்கம் இருக்கும்போது எதற்கு வீட்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்கள் செய்யக் கூடாது என்பதுதான் பதில்.

ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தை மாற்ற நினைப்பதற்குச் சொல்லும் முதல் காரணம், "அது உடையும் சார்" என்பது. உடையும்தான். ஏன் உடைகிறது என்று பார்த்தால் கண்ணீர் வரும். அந்த நிமிர்ந்த இரும்புத் துண்டின் கீழ்முனை, திருகாணி மாதிரி ஒரு வெண்கல முண்டுக்குள் திருகி நிற்கிறது. டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருகு உள்ளே சுழலும். இதற்குள் கியர் ஆயில் விட வேண்டும். கெட்டியான கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். நம்மூர்ப் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவதுதான் வழக்கம். கிரீஸ் திருகின் பள்ளங்களுக்குள் போகாது. மேலே அடைத்துக்கொள்ளும், கீழே தண்ணீர் தங்கும், துரு ஏறும், இறுகும். ஒருநாள் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது திருகின் வேரில் பட்டென்று ஒடியும். சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போகும். பார்க்கிங்கில் நடந்தால் அதிர்ஷ்டம். இதற்குப் பழி ஏறியது வடிவமைத்தவர்கள் தலையில். செய்ய வேண்டியது சில மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எண்ணெய். அதைச் செய்யாமல், சில ஆயிரம் ரூபாய்க்கு வெல்டிங் ராடு வாங்கி முழு முன்பக்கத்தையே மாற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கனமானது: உப்பு.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை கடற்காற்றில் நிற்கிற இரும்பு எதுவும் தப்பாது. கேளம்பாக்கம் பக்கம் உப்பளம் போட்டுப் பிழைத்த பூமி அது, காற்றில் என்ன இருக்கும்? கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறை காகிதக் கூழைக் கல் மேல் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்துப் பராமரிக்கிறது. கருங்கல்லுக்கே அந்தக் கதி என்றால் இரண்டு மில்லிமீட்டர் தகட்டுக்கு? ஈ.சி.ஆரில் வாரக் கடைசியில் பழைய காரை ஓட்டிப் போய் கடலைப் பார்த்து நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்வது அழகுதான். திரும்பி வந்து அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறவர்கள் எத்தனை பேர்? ஹெரால்டின் சேசிஸில் முதலில் போவது பக்கவாட்டில் நீளும் கைகள். முன்பகுதி கடைசியாகத்தான் போகும். அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள்: பிரிட்டிஷ் எஞ்சின் ஒழுக்குகிற எண்ணெய் முன்பக்கம் முழுக்கப் பூசிப் பூசித் துருவைத் தடுத்துவிடுமாம் :-)

ஆனால் 50, 60 வருடக் காரில் முன்பகுதியும் போகும். அல்லது எப்போதோ மோதி வளைந்து, யாரோ டிங்கர் சுத்தியலால் நிமிர்த்தி, தகடு வைத்து ஒட்டி, அந்தத் தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு ஒட்டியிருப்பார். பிரிட்டனில் ஹெரால்டுக்கான பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்பவர்கள் உண்டு. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்தால் அந்தக் காரின் விலையை எட்டிவிடும். புதுப்பேட்டையில் கிடைக்கும் ஹெரால்ட் பாகமும் அதே உப்பைத் தின்றதாகத்தான் இருக்கும். இந்த நிலைமையில்தான் வீட்டில் ஒரு முன் சட்டத்தைக் கட்டுவது என்ற எண்ணம் நியாயமானதாக மாறுகிறது. ஆசைக்காக இல்லாமல் வேறு வழியில்லாமல் செய்வது.

அப்படிக் கட்டத் துணிபவர் முதலில் செய்கிற தவறு, ஒரு மாருதியின் முன்பக்கத்தை வாங்கி வருவது. கையருகில் கிடைக்கிறது, மலிவு, டிஸ்க் பிரேக் வேறு. ஆனால் அவை பெரும்பாலும் ஸ்ட்ரட் வகை. ஸ்ட்ரட்டின் மேல்முனையைத் தாங்க, டயருக்கு மேலே பாடியில் பலமான ஒரு தொப்பி வேண்டும். புதிய கார்களில் பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரிகிறதே, அதுதான். ஹெரால்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? காற்று! மட்கார்டே பானெட்டோடு கவிழ்ந்து போய்விடும் காரில் ஸ்ட்ரட்டை எதில் மாட்டுவது? சேசிஸிலிருந்து இரண்டு தூண் எழுப்பிக் கட்டுவார்கள். உயரமான தூண், அடியில் குறுகலான பிடி. வளைவில் வரும் பக்கவாட்டு விசை அந்தத் தூணை நெம்புகோல் மாதிரி ஆட்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் அருமையாக ஓடும். பிறகு ஒருநாள் வெல்டு ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு தெரியும்.

ஆக, ஹெரால்டுக்குக் கட்டுவதென்றால் ஹெரால்டின் இரட்டை ஆர்ம் அமைப்பையே கட்ட வேண்டும். இங்கேதான் கல்லூரியில் படித்த ஸ்டாட்டிக்ஸ் முதன்முறையாக ஒரு வேலைக்கு உதவும். (செமஸ்டர் முடிந்ததும் மறந்தவர்கள் புத்தகத்தைத் தூசி தட்டவும்.)

ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம், அதாவது 2.32 மீட்டர். காலி எடை ஏறக்குறைய 800 கிலோ. இரண்டு பேர் ஏறினால் 950 என்று வைத்துக்கொள்வோம். எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ., முன் சக்கரங்கள் மேல் 500 கிலோ என்பவை தோராயமாக எடுத்துக்கொண்ட எண்கள். உண்மையான காரில் அளந்து போட வேண்டும். 0.8 ஜி அளவுக்குப் பிரேக் அடித்தால் பின்னாலிருந்து முன்னால் சாயும் எடை 950 × 0.8 × 0.55 ÷ 2.32, அதாவது 180 கிலோ. முன்பக்கம் 680 ஆகிறது, சக்கரத்துக்கு 340. அந்தச் சக்கரம் தரையைப் பிடித்து இழுக்கும் விசை 340 × 0.8 = 272 கிலோ.

இந்த 272 இரண்டு ஆர்ம்களுக்கும் பாதிப் பாதியாகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போகாது. விசை வருவது தரையில். ஆர்ம்கள் இருப்பது மேலே. கீழ் ஜாயிண்ட் தரையிலிருந்து 19 செ.மீ., மேல் ஜாயிண்ட் 42 செ.மீ. என்றால், கீழ் ஆர்ம் மேல் விழுவது 272 × 42 ÷ 23, கிட்டத்தட்ட 497 கிலோ, பின்னோக்கி. மேல் ஆர்ம் மேல் விழுவது 225 கிலோ, அதுவும் முன்னோக்கி! கீழ் ஆர்ம், பிரேக் விசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கைச் சுமக்கிறது. இதோடு முடியவில்லை. அந்த ஆர்ம் 30 செ.மீ. நீளம், சேசிஸில் அதன் இரு கால்களும் 25 செ.மீ. இடைவெளியில் மாட்டியிருந்தால், ஒரு காலைச் சட்டத்துக்குள் தள்ளி இன்னொரு காலை வெளியே பிடுங்கும் விசை 497 × 30 ÷ 25, சுமார் 600 கிலோ. இடமில்லை என்று கால்களின் இடைவெளியை 15 செ.மீ. ஆகக் குறைத்தால் அது ஆயிரம் கிலோவைத் தொடும். இது சமதளத்தில் பிரேக் அடித்தால் வருகிற கணக்கு. மழைக்காலத்தில் திருப்போரூர் சாலையில் பள்ளத்துக்குள் பிரேக்கோடு இறங்கினால் இதைப் பல மடங்காக்கிக்கொள்ள வேண்டும். கம்பெனி போட்ட டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு நல்ல டிஸ்க் பிரேக் போடுகிறவர் இந்த விசைகளையும் கூட்டுகிறார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கண்ணளவில் கட்டிய சட்டம் ஏன் அந்த ஆர்ம் பிராக்கெட்டின் ஓரத்தில் விரிகிறது என்பதற்குப் பதில் இந்த ஒரு பத்தியில் இருக்கிறது. பிராக்கெட்டைக் குழாயின் தட்டையான முகத்தில் வெறுமனே ஒட்டினால் அந்த 600 கிலோ குழாயின் சுவரை உள்ளே வெளியே என்று மடக்கிக்கொண்டே இருக்கும். இரும்பு ஒரே அடியில் உடையாது, லட்சம் சின்ன அடியில் உடையும். பிராக்கெட்டைக் குழாயின் இரண்டு பக்கச் சுவரோடும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அல்லது குழாயைக் குறுக்கே துளைத்து ஒரு சின்னக் குழாயைச் செருகி இரு பக்கமும் வெல்டு செய்ய வேண்டும்.

அடுத்து ஸ்டியரிங். நம்மூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புவார்கள். திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேர் இழுக்கும்போது பார்த்தால் தெரியும், அந்தக் கட்டையைச் சரியான கணத்தில் சரியான கோணத்தில் போடுகிறவரின் கையில்தான் அத்தனை டன்னும் இருக்கிறது. (மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கு இந்தப் பிரச்னையே இல்லை, நகரவே நகராது.) காரில் முட்டுக்கட்டைக்குப் பதிலாக டை ராடு. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது மேல் ஆர்ம் ஒரு வட்டத்தின் துண்டை வரையும், கீழ் ஆர்ம் ஒன்றை வரையும், டை ராடு ஒன்றை வரையும். மூன்றும் ஒத்துப்போனால் சக்கரம் நேராகப் பார்த்தபடியே ஏறி இறங்கும். ஸ்டியரிங் ராக்கை ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ மாட்டிவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாக இடதும் வலதும் திரும்பும். ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்திருந்தாலும் கார் தன்னிஷ்டத்துக்குப் போகும். பம்ப் ஸ்டியர் என்று இதற்குப் பெயர். வீல் அலைன்மென்ட் கடையில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே கார் அசையாமல் நிற்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஹப்பில் ஒரு லேசர் பாயின்டரைக் கட்டிச் சுவரில் அந்தப் புள்ளி பக்கவாட்டில் ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். செலவு 100 ரூபாய்க்குள். வீட்டில் முன்பக்கம் கட்டியவர்களில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள் என்று கேட்டால் சங்கடம்தான்.

வெல்டிங் பற்றிச் சுருக்கமாக: முதலில் கனமான மேசையில் ஜிக் கட்டி எல்லாத் துளைகளையும் அதில் பூட்டிவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் சட்டம் வாழைப்பழமாக வளையும். ஸ்டியரிங் ஆர்ம், ஸ்டப் ஆக்சில் போன்றவற்றைச் சூடு காட்டி வளைப்பதும் வெல்டு வைப்பதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அதில் விவாதமே இல்லை.

இப்படிக் கட்டும் மரபு நமக்கு இல்லாதது ஒன்றுமில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் என்பது இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாம் சேர்ந்தது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளத்தில் பந்தயம் நடந்ததும், 1990 வாக்கில் அது ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியதும் அந்தப் பழைய மாவட்டத்துக்குள்தான். இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலத்தில், கிடைத்த ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் பாகங்களை வைத்துத்தான் பந்தயக் கார்கள் கட்டினார்கள். கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800ன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரையே உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியது அதில். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். கோவையில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் பெயர். இன்று பாஹா, ஃபார்முலா பாரத் என்று போட்டிகளுக்குப் போகிற கல்லூரி அணிகள் ஒவ்வொன்றும் சொந்தமாக ஆர்ம் வடிவமைத்து, சொந்தமாகச் சட்டம் வெல்டு செய்துதான் போகின்றன. அங்கே ஓடுவதற்கு முன் ஒரு குழு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் பார்க்கும். கணக்கைக் காட்டு என்று கேட்கும். பிரேக் டெஸ்டில் நான்கு சக்கரமும் பிடிக்காவிட்டால் வெளியே போ என்று சொல்லும்.

அதே மாணவர் படிப்பு முடிந்து, தாத்தாவின் ஹெரால்டுக்கு அதே அக்கறையோடு ஒரு முன் சட்டம் கட்டினால்? இனி சட்டத்துக்கு வருவோம் (இது வேறு சட்டம்).

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே படித்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டம் வந்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. 2021 ஜூலையில் பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருடத்துக்குப் பதிவு, வி.ஏ. என்ற எழுத்துள்ள தனி நம்பர் பிளேட். தினசரி ஓட்டக் கூடாது.

விதிகளில் ஒன்றும் கெட்ட எண்ணம் இல்லை. சாலை எல்லோருக்கும் பொது, எதிரே வருகிறவர் உங்கள் வெல்டிங்கை நம்பி வரவில்லை. கண்டபடி வெட்டிய ஜீப்புகளையும் அகல டயர்களையும் பார்க்கிறவர்கள் நீதிமன்றம் சொன்னது சரி என்றுதான் சொல்வார்கள். அது சரியும்கூட. ஆனால் பாருங்கள், அதே 52ஆம் பிரிவின் கீழ், அங்கீகாரம் பெற்ற கிட் என்றால் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் வைத்துக்கொள்ளலாம். காஸ் போடலாம். காரின் எடை, எடை மையம், பிரேக் விசை எல்லாம் மாறும் வேலை அது. அதற்கு வழி உண்டு. உப்பு தின்ற முன் குறுக்குச் சட்டத்துக்குப் பதிலாக அதே அளவில், அதே துளைகளில், முன்னதை விடப் பலமாகக் கட்டிய ஒன்றைக் காட்டி "சோதித்துப் பாருங்கள்" என்று சொல்ல ஒருவருக்கு வழி கிடையாது. கிட் விற்கும் கம்பெனிக்குக் கதவு திறந்திருக்கிறது, ஒற்றைக் காரோடு வரும் தனிமனிதருக்கு மூடியிருக்கிறது.

இதன் விளைவு என்ன? யாரும் கட்டாமல் இல்லை. கட்டிவிட்டுக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே கொஞ்சம் எண்ணெயும் மண்ணும் பூசி, பழசு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் ஹார்னையும் விளக்கையும் பிரேக்கையும் பார்க்கிறார். காருக்கு அடியில் படுத்து வெல்டைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, கருவியும் இல்லை. நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்துகொள்கின்றன. சட்டம் தடுக்க நினைத்தது மோசமான வேலையை. நடைமுறையில் நல்ல வேலை செய்கிறவரும் தன் கணக்கை யாரிடமும் காட்ட முடியாதவராகிவிட்டார்.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு நியூசிலாந்து நல்ல உதாரணம். அங்கே சஸ்பென்ஷனையோ சேசிஸையோ மாற்றினால், குறைந்த எண்ணிக்கை வாகனங்களுக்கென்றே பயிற்சி பெற்ற சான்றாளர் ஒருவர் வந்து பார்த்து, திருப்தியானால் என்னென்ன மாற்றம் என்று பொறித்த தகடு ஒன்றைக் காரில் பதிப்பார். பிறகு போலீஸ் நிறுத்தினாலும் இன்சூரன்ஸ் கேட்டாலும் அந்தத் தகடு பேசும். பிரிட்டனில் வீட்டில் கட்டிய காருக்குத் தனி வாகன ஒப்புதல் தேர்வு இருக்கிறது. கூர்மையான விளிம்பு ஒன்று இருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அங்குள்ளவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அலுப்பு இருக்கட்டும், தேர்வு இருக்கிறதே.

நம்மிடம் இதற்கு வசதி இல்லை என்று சொல்ல முடியாது. வண்டலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஒரகடத்தில் அரசே கட்டிய வாகனச் சோதனை மையம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் வண்டிகளை ஆட்டியும் குலுக்கியும் மோதியும் பார்க்கிற இடம். மாதத்தில் ஒருநாள் அங்கே ஒற்றைக் கார்களுக்கு ஒதுக்க முடியாதா? கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டியவர் வரைபடத்தையும் விசைக் கணக்கையும் தர வேண்டும். வெல்டுகளைச் சாயம் விட்டுச் சோதிக்கும் முறையில் விரிசல் பார்க்க வேண்டும், அது விலையுயர்ந்த வேலையே இல்லை. பம்ப் ஸ்டியர் அளவு, பிரேக் சோதனை, ஒரு குறிப்பிட்ட தூரம் மோசமான சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி விரிசல் சோதனை. தேறினால் பதிவுச் சான்றில் "முன் சட்டம் மறுகட்டுமானம்" என்று ஒரு வரி. தேறாவிட்டால் இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். செலவைக் கட்டியவரே ஏற்கட்டும், வி.ஏ. பிளேட்டுக்கு 20,000 கட்டத் தயாராக இருப்பவர் இதற்கும் கட்டுவார்.

இதற்கு முதல் ரகத்திடமிருந்து ஒரு எதிர்ப்பு வரும். இப்படிக் கதவைத் திறந்துவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் ஹெரால்டுகளையும் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள், மிச்சமிருப்பதே கொஞ்சம் என்பார்கள். இது அசட்டை செய்யக் கூடாத வாதம். வண்டலூரில் செய்த கார்களில் ஒழுங்காக மிஞ்சியவை குறைவுதான், ஒவ்வொன்றும் ஒரு ஆவணம். அதனால்தான் வி.ஏ. பிளேட்டை மறுகட்டுமானக் கார்களுக்குக் கொடுக்கச் சொல்லி இங்கே கேட்கவில்லை. அந்தப் பட்டியல் தொடாத கார்களுக்கே இருக்கட்டும். ஆனால் துருப்பிடித்துச் செத்த காரைக் காயலான் கடைக்கு அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. கிலோ கணக்கில் எடை போட்டு விற்றபின் எதை ஆவணம் என்பது? மறுகட்டுமானம் என்று சான்றில் தெளிவாக எழுதிவிட்டால், எது அசல், எது திருப்பிக் கட்டியது என்று வாங்குகிறவருக்கும் தெரியும். இப்போது தெரிவதில்லை. கறுப்புப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்படி ஒரு வழி வரும்வரை, கட்டியே ஆக வேண்டும் என்று கை துறுதுறுப்பவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டைத் தளம் இருக்கிறது. பொதுச்சாலையில் ஓடாத காருக்குப் பதிவுத் தொல்லை கிடையாது, பந்தய விதிகளின்படி பரிசோதனையும் நடக்கும். ஈ.சி.ஆரில் ஓட்டத்தான் வேண்டும் என்பவர்கள் அசல் முன்பக்கத்தையே வைத்துக்கொள்ளட்டும். கடலிலிருந்து திரும்பியதும் அடிப்பக்கத்தைக் கழுவட்டும். டிரன்னியனுக்குள் 90 நம்பர் ஆயில், இரண்டு பக்கமும், கீழ் ஓரத்தில் புது எண்ணெய் கசியும்வரை. கிரீஸ் கன்னைக் கையில் எடுக்கும் மெக்கானிக்கிடம், அவர் எத்தனை வருட அனுபவஸ்தராக இருந்தாலும், "அண்ணே, இதுக்கு மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட வேண்டும்.